பக்கத்து ஊர்க்காரரைப் பார்க்கத் தரமணிக்குப் போனேன்

காரைக்குடியில் எங்கள் கடையிலிருந்து கோட்டையூருக்கு சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரம்தான். அந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்குப் பெயர்ப்பலகை எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடச் சுவரில் குறள் எழுதியிருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து துணியில் ‘நல்வரவு’ எழுதிக் கொடுத்துவிட்டு விடியக்காலம் இட்லி சாப்பிட்டு வந்திருக்கிறேன். அதே ஊரில் ஒரு மனுஷர் புத்தகமும் பத்திரிகையுமாக ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தார் என்பது, அவர் இருந்தவரை எனக்குத் தெரியாது. 1992-ல் அவர் காலமானார். அவர் சேர்த்ததில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்க்கப் போன மாதம் நானூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வந்தேன்.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தரமணி, சென்னை. இது அந்த இடத்துக்கு நான் எழுதும் மதிப்புரை. “பிரியாணிக் கடைக்கெல்லாம் எழுதுறாங்க, நீங்க இதுக்கு எழுதுங்கப்பா” என்று மகள்தான் கிளப்பிவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் செல்போனில் அடித்தாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது. எழுத்தைப் பற்றிய அபிப்பிராயம் எல்லாம் என்னுடையது.

நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். 1975-ல் பதினாலு வயசில் வாத்தியாரிடம் சேர்ந்தேன். முதல் ஆறு மாசம் பிரஷ் கழுவுவதும், சாக்பீஸ் தடவிய நூலைப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவதும்தான் வேலை. அப்புறம் ஒரு வருஷம் ‘அ’ மட்டும். இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பிளெக்ஸ் வந்த பிறகு தொழில் என்று சொல்ல அதிகம் இல்லை. லாரிக்கு நம்பர் எழுதுவேன், கோயிலுக்கு உபயதாரர் பெயர் எழுதுவேன், ஓர் ஆச்சி வீட்டில் நிலைக்கு மேலே இருக்கும் பழைய எழுத்துக்கு வருஷம் ஒருதரம் மெருகு ஏற்றிக் கொடுப்பேன்.

ரோஜா முத்தையா செட்டியாரும் எங்கள் தொழில்தான். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ‘நூல் சேகரிப்பாளர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் அவர். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவியதும் அந்தக் காலத்தில்தான். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. புத்தகம் சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். இவர் புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் கீழே போட்டதை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு நோட்டீஸைப் படிக்கிறவன் தேதியைப் பார்த்துவிட்டுக் கசக்கிப் போடுவான். எழுதுகிற கை உள்ளவனுக்கு அப்படிப் போட மனசு வராது, அதில் ஒருத்தன் ‘ழ’ போட்டிருக்கும் அழகுக்காகவாவது மடித்துப் பைக்குள் வைப்பான். செட்டியார் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார் என்பது என் கணக்கு.

மனசு வராது என்று சொன்னேன். வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். புதுக்கோட்டை, திருமயம், தேவகோட்டைப் பக்கம் எந்தத் திருவிழாவில் நாடகம் என்றாலும் அவர் பெயர் நோட்டீஸில் கடைசி வரிக்கு முந்தின வரியில் வரும். அவர் போன பிறகு ஒரு தகரப் பெட்டியில் அந்த நோட்டீஸ் எல்லாம் கிடந்தது. ரோஸ் கலர், மஞ்சள், பச்சை, மெல்லிசுக் காகிதம். நான் தொழிலுக்கு வந்த புதுசில் டர்பன்டைன் தொட்டு பிரஷ் துடைக்கத் துணி பற்றாது. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி அதில் துடைத்தேன். அந்தக் காகிதம் எண்ணெயை நன்றாக உறிஞ்சும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பெட்டி காலி. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

எங்கள் பக்கத்தில் பழசு எதுவும் சும்மா போகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், பர்மாத் தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தட்டு, ரவிவர்மா படம் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. காகிதத்துக்கு மட்டும் தராசுதான்.

அந்தத் தராசிலிருந்து தப்பித்ததைப் பார்க்கத்தான் போனேன். தாத்தா பெயர் போட்ட நோட்டீஸ் ஒன்றாவது செட்டியார் கையில் சிக்கியிருக்காதா என்று ஒரு நப்பாசை.

போகிறவர்களுக்கு வழி: தரமணியில் மத்திய பாலிடெக்னிக் வளாகத்துக்குள் இருக்கிறது, டைடல் பார்க்குக்குப் பின்பக்கம். ஆட்டோக்காரரிடம் நூலகம் என்று சொன்னால் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார், எங்களை அப்படித்தான் பாதி வழி கொண்டுபோனார். ‘பாலிடெக்னிக்’ என்று சொல்லுங்கள். நேரம், கட்டணம், விடுமுறை நாள் எல்லாம் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. என் மகள் சொல்லியிருந்தாள். போனதும் வேலை நடந்தது.

அலமாரிக்குள் நுழைந்து நீங்களே துழாவலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். மூர் மார்க்கெட் இல்லை இது. வேண்டியதைக் கேட்க வேண்டும், எடுத்து வந்து மேஜையில் வைப்பார்கள், அங்கேயே பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குத் தர மாட்டார்கள். முதலில் எனக்கு இது ஒரு மாதிரி இருந்தது. காகிதம் கைக்கு வந்ததும் புரிந்தது. ஓரம் எல்லாம் அப்பளம். விரலை எடுத்தால் விரலோடு வரும்.

இதில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். பழசாக இருந்தால் அதிகம் நொறுங்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த பழங்காலக் காகிதம் இருநூறு வருஷம் ஆனாலும் வளையும். மரக்கூழில் செய்ததுதான் அமிலம் ஏறி, பழுத்து, உதிர்கிறது. அதனால் 1800-களின் தொடக்கத்தில் அச்சான புத்தகத்தைவிட, என் அப்பா காலத்து வாரப் பத்திரிகைக்குத்தான் ஆயுசு குறைவு. இந்த நூலகத்தில் 1804-ல் அச்சான கந்தரந்தாதி இருக்கிறது. அதையும் கேட்டுப் பார்க்கலாமே என்று மகள் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். ஊரில் கும்பாபிஷேகத்துக்குப் போனால் மூலவரைப் பார்க்க முண்டியடிக்கிற ஆள் நான் இல்லை, கோபுரத்தைப் பார்த்தால் போதும்.

நாடக நோட்டீஸ் கேட்டோம். வந்தது.

முதல் நோட்டீஸை மேஜையில் வைத்ததும் நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். அதை எடுத்து வந்தவர் சின்ன வயசுக்காரர். “நிதானமாப் பாருங்க ஐயா, அவசரம் இல்லை” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதற்கு முன் வேறு ஓர் ஊரில் ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், பழைய நோட்டீஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் கழிச்சுக் கட்டியாச்சு” என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்கள்.

உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ‘முருகன் துணை’. அடுத்து ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை நாடகத்தின் பெயர், மர எழுத்தில். ‘வள்ளி திருமணம்’. பெரிய எழுத்துக்கு ஈயம் வார்த்தால் கனமும் தாங்காது, காசும் தாங்காது என்பதால் மரத்தில் செதுக்கி வைத்திருப்பார்கள். அந்த ‘ம’வின் இடது தோளில் ஒரு வெள்ளைக் கீறல். மரத்தில் விழுந்த வெடிப்பு அப்படியே மையில் வந்திருக்கிறது. அடுத்த நோட்டீஸ் வேறு ஊர், வேறு நாள். அதிலும் அந்த ‘ம’வில் அதே இடத்தில் அதே கீறல், இன்னும் கொஞ்சம் நீளமாக. ஒரே அச்சகம், ஒரே கட்டை. நடுவில் எத்தனை நாடகத்துக்கு அந்தக் கட்டை மை குடித்ததோ. மகளுக்குக் காட்டினேன். “அட, ஆமாப்பா” என்று குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

‘துணை’யில் இருந்த ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவர்களுக்குத் தெரியாது. இப்போது நாம் ‘ண’ எழுதி முன்னால் இரட்டைச் சுழிக் கொக்கி போடுகிறோம். அப்போது அப்படி இல்லை. எழுத்தின் முன்னாலிருந்தே யானை தும்பிக்கையைத் தூக்கித் தலைக்கு மேலே சுருட்டினது மாதிரி ஒரு வளைவு. ணை, லை, ளை, னை நாலுக்கும் தும்பிக்கை உண்டு. ணா, றா, னா மூன்றும் காலைத் தனியாக வைக்காமல் வயிற்றோடு சேர்த்துச் சுழித்திருக்கும். பெரியார் 1935-லேயே தன் ‘குடி அரசு’ பத்திரிகையில் இதை மாற்றி அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். 1978-ல் எம்.ஜி.ஆர் அரசு ஆணை போட்டது. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறும் சேர்ந்து மொத்தம் பதின்மூன்று எழுத்து.

எனக்கு அப்போது வயசு பதினேழு. எங்களுக்கு அது ஒரு நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆபீஸ் ஆபீஸாகப் போர்டு மாற்றி எழுத வந்தது. ‘தலைமை’, ‘சாலை’, ‘துணை’ என்று தும்பிக்கை இல்லாத அரசாங்கப் பலகை ஏது? வாத்தியார் ஏணியில் ஏறி ஒரு பழைய ‘லை’யைச் சுரண்டிவிட்டுக் கீழே இறங்கி, பீடி பற்ற வைத்துக்கொண்டு, “யானையைப் பூனையாக்கிட்டாங்கடா” என்றார். மாற்றம் தேவை இல்லை என்று அவர் சொல்லவில்லை. தட்டச்சுக்கு, அச்சுக்கோப்பவனுக்கு, படிக்கிற பிள்ளைக்கு அது சுலபம் என்று அவருக்கும் தெரியும். பிரஷ் பிடிக்கிறவனுக்கு மட்டும் அந்தத் தும்பிக்கை ஒரு ருசி. அணில் முடி பிரஷ்ஷை அழுத்தி ஆரம்பித்து, மேலே போகப் போக விட்டுக்கொடுத்து, சுருட்டுகிற இடத்தில் நுனியில் நிற்க வேண்டும். கை நடுங்கினால் அங்கே தெரிந்துவிடும். வாத்தியார் எங்களைச் சோதிப்பதே அந்த ‘லை’யில்தான்.

நோட்டீஸில் மற்றது: இரவு 9.30 மணிக்கு ஆரம்பம். டிக்கட் விகிதம் சேர், பெஞ்சு, தரை என்று மூன்றாகப் பிரித்து அணாக் கணக்கில். பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் பெயர்கள் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கிக்கொண்டே வந்து, மிருதங்கம், ஆர்மோனியம். ஆர்மோனியத்துக்கு நேரே வேறு யாரோ ஒருவர் பெயர். அடுத்ததில் வேறொருவர். அன்றைக்குப் பார்த்தது அத்தனையிலும் என் தாத்தா இல்லை.

கிடைக்காது என்று தெரிந்துதான் போனேன். ஆனாலும் ஒவ்வொரு நோட்டீஸிலும் கண் நேராகக் கடைசிக்கு முந்தின வரிக்குத்தான் போனது. அப்புறம்தான் மேலே ஏறி நாடகத்தின் பெயரைப் பார்ப்பேன்.

மதியத்துக்கு மேல் சினிமாப் பாட்டுப் புத்தகம் கேட்டோம். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்றது. கதைச் சுருக்கத்தை முக்கால்வாசி சொல்லிவிட்டு, கதாநாயகிக்கு ஆபத்து வரும் இடத்தில் ‘மற்றவை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். அட்டையில் படத்தின் பெயர் கையால் எழுதிப் பிளாக் எடுத்தது. நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், எழுத்து வளைந்து ஏறும்போது தடிமன் எங்கே குறைய வேண்டும் என்றெல்லாம் அந்த ஆட்களுக்கு அத்துப்படி. ஒரு அட்டையில் ‘ஸ்ரீ’யை மட்டும் அவசரத்தில் போட்டிருந்தான். வாத்தியார் இருந்திருந்தால் மண்டையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். எழுதினவன் பெயர் எதிலும் இல்லை. அச்சகத்தின் பெயர் மட்டும் அடியில் பொடி எழுத்தில்.

நூலகத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் உண்டு. செட்டியார் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ல் சேகரிப்பை வாங்கியது. வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று சென்னையில் வைத்து, நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தார்கள். முதலில் முகப்பேரில் இருந்தது, பிறகு தரமணி. சுமார் ஐம்பதாயிரம் புத்தகமும், அதே அளவுக்குப் பத்திரிகை இதழ்களுமாக ஆரம்பித்தது, இப்போது வேறு பலருடைய சேகரிப்பும் சேர்ந்து பல மடங்கு ஆகிவிட்டது. வெளிநாட்டுக்காரன் வந்துதான் நமக்கு அருமை தெரிய வேண்டுமா என்று பொங்குகிறவர்களுக்கு ஒன்று: அவன் வருகிற வரைக்கும் அரை மணி தூரத்தில் இருந்தவன் நான். நான் பொங்க முடியாது.

அதே கட்டடத்தில் சிந்துவெளி ஆய்வு மையம் இருக்கிறது. 2007-ல் ஐராவதம் மகாதேவன் ஐயா முன்நின்று தொடங்கியது. அவர் 2018 நவம்பரில் காலமானார். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்தவர், தினமணிக்கு ஆசிரியராக இருந்தவர் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது வேறு காரணத்தால். குகை குகையாகப் போய், சமணர் படுக்கைகளில் வெட்டியிருந்த தமிழ் பிராமி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவு செய்தவர் அவர். எங்கள் குன்றக்குடி மலையிலும் அந்த எழுத்து இருக்கிறது. சின்ன வயசில் அந்த மலையில் ஏறி விளையாடியிருக்கிறேன், எழுத்து இருப்பதே தெரியாது. பாறையில் உளி வைத்தவன் எங்கே அழுத்தினான், எங்கே வழுக்கினான் என்று பார்க்காமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. அந்த வகையில் அவரும் எழுத்துக்காரர்தான்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெரியவர்களில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் ஐயாவை மட்டும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். கம்பன் கழகத்தை 1939-ல் தொடங்கியவர், 1982-ல் காலமானார். கம்பன் விழாவுக்குப் போர்டு எழுத வாத்தியாரோடு ஒருதரம் போனேன். சட்டை போடாமல் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் குனிந்து வணக்கம் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது, ஏனென்றால் வாத்தியார் யாருக்கும் அப்படிக் குனிகிற ஆள் இல்லை. தமிழ்த்தாய்க்குக் காரைக்குடியில் கோயில் எழுப்ப முனைந்தவர் அவர். அவரைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். செட்டியாரைப் பற்றிக் கேட்டால் “எந்த முத்தையா?” என்பார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு முத்தையா.

சரி, மதிப்புரை என்று சொல்லிவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன். யாருக்கு இந்த இடம் சரிப்படும்? சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கப் போகிறவர்களுக்கு இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்க இடம் தேடுகிறவர்கள் கோட்டூர்புரத்துக்கே போகலாம். தாத்தா எழுதிய புத்தகம் ஒன்று உண்டாம், பெயர் மட்டும் தெரியும் என்று வீட்டில் பேச்சு இருந்தால் இங்கே கேளுங்கள். சமையல், ஜோசியம், சித்த வைத்தியம், நாவல், நாடகம் எதுவாக இருந்தாலும் கேளுங்கள். எழுத்து வடிவமைக்கிற இளவட்டங்கள் கட்டாயம் ஒருநாள் போக வேண்டும். கணினியில் ஆயிரம் எழுத்துரு இருக்கிறது என்கிறீர்கள், அந்தக் கீறல் விழுந்த ‘ம’வின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் பென்சில் கொண்டுபோங்கள். நான் ஒரு நோட்டில் நாலு ‘லை’யும் ஒரு ‘ணை’யும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். கை கொஞ்சம் நடுங்கித்தான் இருக்கிறது.

ஸ்டார் போடச் சொல்கிறாள் மகள். அஞ்சுக்கு அஞ்சு.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். வாத்தியார் கையால் எழுதிய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றாறு பக்கக் கோடு போடாத நோட்டு. உயிர், மெய், உயிர்மெய் அத்தனையும் தட்டை எழுத்து, சாய்வு எழுத்து, நிழல் எழுத்து என்று மூன்று மாதிரியில். முன்பாதியில் தும்பிக்கையோடு, பின்பாதியில் 1978-க்குப் பிறகு எழுதியது தும்பிக்கை இல்லாமல். பின்பாதி கொஞ்சம் கோபமாக எழுதினது மாதிரி இருக்கும். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் திருப்பூரில் வேறு வேலையில் இருக்கிறார்கள். “இந்த மாதிரி எல்லாம் நீங்க வாங்கிப்பீங்களா?” என்றேன். அந்தச் சின்ன வயசுக்காரர், “கொண்டு வாங்க ஐயா, பார்ப்போம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டேன். மகள் பிடுங்கி வெளியே எடுத்தாள். பிளாஸ்டிக்கில் வைத்தால் வேர்த்துவிடுமாம். இப்போது பழைய வேட்டித் துணியில் சுற்றி, தாத்தாவின் அந்தத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் கொத்தமங்கலத்தில் ஒரு கோயில் போர்டு வேலை, அதை முடித்துவிட்டுப் பஸ் ஏற வேண்டும்.